மூத்தவனுக்குத் தைத்த சட்டை

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு காலை, கடைசி வீட்டுப் பெண் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். பனியன் ஷிப்மெண்ட் போகிற பெட்டி. மேல்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தாள். உள்ளே அவளுடைய ஆமை உட்கார்ந்திருந்தது.

"பெரிம்மா, நான் வர்ற வரைக்கும் மூத்தவன் உங்ககிட்ட இருக்கட்டும். வேற ஆள்கிட்ட குடுக்க எனக்கு மனசு வரலை" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. வேண்டும் என்று சொல்லவும் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். வேறு யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கிக்கொள்வேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வருவேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன், அங்கேயும் வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தும் நின்றுகொண்டே இருப்பேன். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

நாங்கள் இருப்பது திருப்பூர் நல்லூரில், ஒரு தையல் கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில். கம்பெனி முதலாளிதான் இந்த வீடுகளுக்கும் சொந்தக்காரர். முதல் வீடு என்னுடையது. கடைசி வீட்டில் இந்தப் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் அந்தக் கம்பெனியிலேயே செக்கிங், அவர் அயர்ன் மாஸ்டர். நான் அங்கே வெகுகாலம் பிசிறு வெட்டினேன். தைத்த பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் கத்திரிப்பதுதான் பிசிறு வெட்டுவது. இப்போது கண் பழையபடி இல்லை. இருந்தாலும் பீஸ் அதிகமாக இருக்கும் நாட்களில் ஒரு மூட்டையை என் வாசலுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனால்தான் எனக்குப் பிடித்தது.

அவளுக்குக் கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் வந்தவையும் கலைந்து போயின. அப்படி ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் அவள் வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு கடையிலிருந்து இந்த ஆமையைப் பில் போட்டு வாங்கிவந்தார். வெளிநாட்டு ஜாதி, தரையில் வாழ்கிறது. காய்ந்த சோளத்தட்டு நிறம். சின்னச் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்த அளவு இருக்கும். வந்த அன்றைக்கே அவள் அதற்கு மூத்தவன் என்று பேர் வைத்துவிட்டாள். இனி எது பிறந்தாலும் இளையதுதான் என்பாள்.

இப்போது இளையது நிஜமாகவே வயிற்றில் இருந்தது. இந்தத் தடவை எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று அவரும் கூடவே ஊருக்குப் போய் அங்கேயே இருக்கப்போகிறார்.

"இவனையும் தூக்கிட்டுப் போயிருவேன் பெரிம்மா. எங்கம்மா விட மாட்டேங்கா. பிள்ளை பெறுத வீட்டுக்குள்ள ஆமையான்னு குதிக்கா."

"என்ன குடுக்கோணும் கண்ணு?"

"முருங்கக்கீரை, அருகம்புல், எப்பவாச்சும் ஒரு செம்பருத்திப் பூ. சோறு போட்ராதீங்க. தக்காளி கேப்பான், குடுக்காதீங்க."

ஆமை எப்படிக் கேட்கும் என்று நான் கேட்கவில்லை. அவள் பெட்டிக்குள் குனிந்து அதன் முதுகைத் தடவிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஆட்டோவில் ஏறினாள்.

அவள் சொன்னது சரிதான், தக்காளி கேட்டது. நான் ரசத்துக்குத் தக்காளி எடுத்து வைத்தால் எங்கே இருந்தாலும் வந்து காலடியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் சில நாட்கள் அவன் என் வீட்டை அளந்துகொண்டே இருந்தான். அடுப்பு மேடைக்கு அடியில் போவான், கட்டிலுக்கு அடியில் போவான், செருப்பை முட்டித் தள்ளுவான். பேசாத ஒரு ஆளும் பேசாத ஒரு ஜீவனும் ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு சுகம் என்று எனக்குப் பட்டது.

மார்கழி பிறந்தது. அவன் தூங்க ஆரம்பித்தான்.

முதலில் காலையில் நேரம் கழித்து எழுந்தான். பிறகு நான் கோலம் போட்டு, சமைத்து, பிசிறு மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்த பிறகும் எழவில்லை. கீரையை மூக்கருகே வைத்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான். தக்காளியை வெட்டினேன், வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சாயங்காலமானால் அவள் கூப்பிடுவாள். என்னிடம் இருப்பது பட்டன் போன். குரல் மட்டும்தான்.

"மூத்தவன் என்ன செய்யுதான் பெரிம்மா?"

"தூங்கறானுங் கண்ணு."

"இப்பமேவா?"

"ஆமா கண்ணு."

மறுநாளும் அதையேதான் கேட்டாள், நானும் அதையேதான் சொன்னேன். பொய் சொல்லலாம். ஆனால் பொய்க்குக் கூட நாலு வார்த்தை அதிகமாகப் பேச வேண்டும். ஒரு நாள் அவள், "அவனுக்கு ஒண்ணும் இல்லைல்லா?" என்றாள். அந்தக் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி டாக்டரிடம் கேட்கிற குரல் அது. இந்த ஆமைக்கு ஏதாவது ஆனால் அவள் அதை ஆமையோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள், வயிற்றிலிருப்பது வரை கொண்டுபோய்விடுவாள் என்று எனக்குப் புரிந்தது.

தூங்குவதற்குக் காரணம் குளிர்தான் என்று கண்டுபிடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. விடிகாலையில் தரை சில்லென்றிருந்தது, எனக்கே மூட்டு வலித்தது. குளிருக்கு என்ன செய்வது என்று திருப்பூரில் யாரையாவது கேட்டால் என்ன சொல்வார்கள்? துணியைத்தான் சொல்வார்கள். அதுவும் அந்த மாதம் எங்கள் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது பிலீஸ். பனி கொட்டுகிற நாடுகளுக்குப் போகிற துணி, உள்பக்கம் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். அதைப் பத்துப் பேர் தைக்கிற இடத்தில் ஃபேனை நிறுத்தினால் வியர்த்து வழியும். அவ்வளவு கதகதப்பு.

நான் யாரிடமும் கேட்கவில்லை. பிசிறு வெட்டி முடித்த பீஸ்களைக் கம்பெனிக்குள் கொண்டுபோய் வைக்கும்போது, கட்டிங் வேஸ்ட் குவியலிலிருந்து ஒரு சாம்பல் நிறத் துண்டை எடுத்து முந்தானைக்குள் வைத்தேன். பவர் டேபிள் மிஷினில் தைக்கிற டெய்லர் பார்த்துவிட்டார். வாயாடி, ஆனால் நல்ல மனுஷன்.

"அம்மாயி, என்னத்த ஒளிக்கறீங்க?"

"ஆமைக்குங்க."

"ஆமைக்கா?"

"குளுருதுங்க அதுக்கு."

அவர் மிஷினை நிறுத்திவிட்டார். "துண்டு சுத்துனா நிக்குமுங்களா? நடந்தா உழுந்துரும். அளவெடுத்துட்டு வாங்க, தெச்சுத் தாரேன்."

பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவரே டேப்பை எடுத்துக்கொண்டு டீ நேரத்தில் என் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க நாலு பேர். நீளம், அகலம், கழுத்துச் சுற்று, நாலு கைக்கு நாலு ஓட்டை. டெய்லருக்கு உதவியாகத் துணி மடித்துக் கொடுக்கிற பெண் ஒருத்தி, "அண்ணா, இதுக்கு ஃப்ரண்ட் எது, பேக் எது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். எனக்கும் அப்படி ஒரு வசதி இருந்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலத்துக்குள் சட்டை வந்துவிட்டது. அழகாகத்தான் தைத்திருந்தார். ஓரமெல்லாம் ஓவர்லாக், வயிற்றுப் பக்கம் ஜிப், கழுத்தில் எக்ஸ்எஸ் என்று சைஸ் லேபிள் வேறு. முதலாளியின் மனைவி, எங்கள் வீட்டுக்காரம்மா, எதற்கோ பின்பக்கம் வந்தவர், ஆமையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இடுப்புல கொஞ்சம் லூசா இருக்குதே."

"அது தின்னா சரியாப் போயிருமுங்க" என்றார் டெய்லர்.

"பரவால்ல. இந்த வருசம் பீஸைத் திருப்பி அனுப்பாத வெளிநாட்டுப் பையர் இவன் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா ஆமையைக் கீழே வைத்தார். அது அங்கேயே தூங்கியது.

அன்றிலிருந்து மூத்தவன் சட்டையோடு தூங்கினான். விடியற்காலையில் எழுந்ததும் என் முதல் வேலை ஜிப்பை இழுத்துச் சரிபார்ப்பது. பகலில் அவிழ்க்கலாமா என்று ஒரு தரம் யோசித்தேன். என் வாசலில் பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கம்பெனிச் சுவர் உயரம், நாள் முழுக்க அதன் நிழல்தான். சித்திரை மாதத்தில் லைன் வீட்டு ஆட்கள் எல்லோரும் என் வாசலுக்குத்தான் வந்து உட்காருவார்கள். மார்கழியில் ஒருவரும் வர மாட்டார்கள். குளிர் வாசல்தானே, சட்டை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் இன்னும் அதிகமாகத் தூங்கினான். கீரை வாடியது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். என் காய்ச்சலுக்கே நான் போனதில்லை. ஒயர் கூடையில் பழைய சேலையை மடித்துப் போட்டு அவனை உட்கார வைத்தேன். வாசலைத் தாண்டும்போதுதான் அந்தச் சட்டை கண்ணில் பட்டது. பஸ்ஸில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? டாக்டர் என்ன கேட்பார்? சட்டையைக் கழற்றிக் கூடையின் அடியில் ஒளித்தேன்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கூடை, கூடைக்குள் வெயில். மாட்டாஸ்பத்திரியில் கூட்டம். காங்கேயம் மாடு ஒன்று, ஆடுகள், ஒரு சாக்கில் கோழிகள். மாட்டைக் கொண்டுவந்தவர், "ஏனுங்க, என்ன கூடையில?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். எல்லோரையும் எனக்கு முன்னால் போகவிட்டேன். பின்னால் வந்தவர்களையும் போகவிட்டேன். முற்றத்தில் நிழல் இருந்த இடமெல்லாம் ஆட்கள் நின்றிருந்ததால் நான் வெயிலில்தான் நின்றேன்.

நான் உள்ளே போகும்போது உச்சி வெயில் வந்துவிட்டது. கூடையை மேசைமேல் வைத்தேன்.

"என்னங்கம்மா ஆச்சு இதுக்கு?"

"தூங்குதுங்க."

"ஆமை தூங்கத்தானுங்க செய்யும்." டாக்டர் சின்ன வயசுக்காரர். முதுகைத் திருப்பிப் பார்த்தார். "நட்சத்திரக் கோடு போட்டது இல்லையே? அதை ஊட்டுல வளத்தாச் சட்டப்படி குத்தமுங்க."

"கடையில பில்லோட வாங்குனதுங்க" என்றேன். அதைச் சொல்லத்தான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அதற்குள் மூத்தவன் கூடையின் விளிம்பில் காலை வைத்து ஏறி, மேசைமேல் இறங்கி, விறுவிறுவென்று நடந்துபோய் டாக்டரின் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு புல்லைக் கடித்து இழுத்தான். சட்டையும் சேர்ந்து வந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இதுங்களா தூங்குது?"

வீட்டில் தூங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே ஒரு ஆடு கத்தியது, அடுத்த ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார், வார்த்தை போய்விட்டது. டாக்டர் கண்ணைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், காலை இழுத்துவிட்டார்.

"ஒரு கோளாறும் இல்லைங்கம்மா. பனிக்காலம், குளுரு படாம நல்லா சூடா வெச்சுக்குங்க. போதும்."

அவ்வளவுதான். நல்லா சூடாக. வீடு திரும்பிய நான் நேராக டெய்லரிடம் போய் நின்றேன். எனக்கே ஆச்சரியம், நானாகவே பேசினேன்.

"டாக்டரு சூடா வெக்கச் சொல்றாருங்க."

"டாக்டரே சொல்லிப்போட்டாரா? அப்ப லைனிங் குடுத்தரலாமுங்க அம்மாயி. தொப்பி வெக்கட்டுங்களா?"

தொப்பிக்கு வேண்டாமென்று கையை மட்டும் ஆட்டினேன். லைனிங் போட்டுக் கொடுத்தார். இரட்டைப் பிலீஸ். அதைப் போட்ட மறுநாளே மூத்தவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான், வெளியே நீட்டவே இல்லை. தூக்கினால் காலைக்கூட அசைக்கவில்லை. டாக்டர் கையில் அப்படி நடந்தவன் என் கையில் இப்படிக் கிடக்கிறானே, இது என் ராசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். சாயங்காலம் இல்லை, காலையிலேயே.

"பெரிம்மா, நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாவ. ஆபரேஷன் பண்ணுவாங்க போலுக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி மூத்தவன் நடக்கிறத ஒரு தடவ பாத்துட்டுப் போறேன். யார்கிட்டயாவது பெரிய போன் வாங்கிக் காட்டுங்க. இன்னைக்கு முடியுமா?"

"சரி கண்ணு" என்றேன். வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் முன்னாலேயே எழுதிவிட்டேனே.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். இரட்டைப் பிலீஸுக்குள் அவன் கல் மாதிரி கிடந்தான்.

என்ன செய்வதென்று தெரியாமல் முடித்த பீஸ்களை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குள் போனேன். டீ நேரம். டீக்காரர் வழக்கம்போல இரண்டு கேன்களைப் பெஞ்சின்மேல் வைத்திருந்தார். ஒன்றில் டீ, ஒன்றில் ஐஸ் போட்ட மோர். அயர்ன் மேசைக்காரர்களுக்கு மார்கழியிலும் மோர்தான் வேண்டும். எல்லோரும் வாங்கிக்கொண்டு போகும்வரை நான் ஓரமாக நிற்பேன், அவரும் அதைத் தெரிந்து கடைசி டம்ளரை எனக்கென்று வைத்திருப்பார். அன்றைக்கு அவருக்குப் போன் வந்துவிட்டது.

"அம்மாயி, நீங்களே புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரண்டு கேனுக்கும் சாம்பல் நிறத்தில் உறை மாட்டியிருந்தது. இதே பிலீஸ், இதே டெய்லர் தைத்ததுதான். எனக்குப் பக்கத்திலிருந்த கேனின் குழாயைத் தேடி உறைக்குள் கையை விட்டேன். சுடும் என்று விரலைப் பதமாகத்தான் வைத்தேன்.

சில்லென்றிருந்தது. கையை உதறிக்கொண்டேன்.

மோர்க் கேன். மறுபடியும் கையை விட்டுப் பார்த்தேன். பிறகு டீக் கேனின் உறைக்குள் விட்டேன். சுட்டது. மறுபடியும் மோர்க் கேன். போனை முடித்துக்கொண்டு வந்த டீக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க அம்மாயி, கேனுக்கு நாடி புடிச்சுப் பாக்கறீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே சட்டை போட்டிருக்குதுங்களே" என்றேன்.

"ஆமாங்க. சுடறது சுடோணும், சில்லுன்னு இருக்கறது சில்லுன்னு இருக்கோணும். டீ போடட்டுங்களா?"

நான் டீ குடிக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன், என் வயசுக்கு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. மூத்தவனின் ஜிப்பை இழுத்து உள்ளே கையை வைத்தேன். மோர்க் கேன். அப்படியே மோர்க் கேன்தான்.

பிலீஸோடு இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், எத்தனை ஆயிரம் பீஸில் நூல் வெட்டியிருப்பேன். துணிதான் சூடு என்றே நினைத்திருந்தேன். சூடு, துணியைப் போட்டுக்கொள்கிற ஆளிடம் இருக்கிறது. பனி நாட்டுக்காரன் உடம்பில் அது ஓயாமல் உண்டாகிறது, துணி அதைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது. என் உடம்பிலும் அப்படித்தான், மூட்டு வலித்தாலும் உள்ளே ஒரு கதகதப்பு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. ஆமைக்கு அது இல்லை போல. தரை சில்லென்றால் அதுவும் சில், வெயிலில் இருந்தால் அதுவும் சூடு. விடியற்காலையில் அது ஐஸாக இருக்கும்போது நான் பார்த்துப் பார்த்து ஜிப்பை இழுத்துவிட்டிருக்கிறேன். பகலில் வருகிற கொஞ்சம் வெக்கையும் உள்ளே போகாதபடி, லைனிங் வேறு கொடுத்து. ஆஸ்பத்திரி போன அன்று கூச்சத்தில் சட்டையைக் கழற்றிவிட்டேன், வழியெல்லாம் மேலே வெயில் பட்டது, அதனால்தான் அவன் நடந்தான்.

சட்டையைக் கழற்றிப் போட்டேன். இனி வெயில் வேண்டும். என் வாசலில் இல்லை. கடைசி வீட்டு வாசலில் வரும், ஆனால் அவர்கள் பூட்டிவிட்டுப் போனதும் அங்கே வேஸ்ட் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். காம்பவுண்டுக்குள் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கம்பெனி கேட்டுக்கு முன்னால், சிமெண்ட் தரை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி முழுவதும் டிபன் பாக்ஸோடு சுற்றி உட்காருகிற இடம். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். பீஸ் கொண்டுபோவதும் பின்கதவு வழியாகத்தான்.

ஆமையைத் தூக்கி முந்தானையில் வைத்துக்கொண்டு போனேன். நடு வெயிலில் அவனை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். முருங்கைக் கீரையை ஒரு கை தூரத்தில் போட்டேன். அவன் குடிக்க ஒரு மூடியில் தண்ணீரும் வைத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் வந்தார்கள். சுவரோர நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் நானும் ஆமையும், கல்யாண மேடையில் உட்கார்த்தி வைத்த மாதிரி.

"அம்மாயி, காயப் போட்டிருக்கீங்களா?" என்றார் டெய்லர். "சட்டை எங்க?"

"கழட்டிட்டேனுங்க."

"ஏனுங்க, பிட்டிங் சரியில்லீங்களா?"

"சட்டையாலதானுங்க தூங்கியிருக்குது."

அவர் சாதத்தைப் பிசைந்த கையோடு என்னைப் பார்த்தார். நம்பவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதுகில் வெயில் ஏறியது. பத்து ஜோடிக் கண்கள் ஏறியதும் தெரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுக்கப்போகிறவளை நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்தவர்கள் டிபன் பாக்ஸைக் கழுவினார்கள். சிலர் வெற்றிலை போட்டார்கள். மூத்தவன் அசையவில்லை. அவன் ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். வீட்டுக்காரம்மா கேட்டில் நின்று, "ஏனுங்க்கா, தலை சுத்திப் போயிரும், நெழலுக்கு வாங்க" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

முதலில் வந்தது வலது முன்னங்கால். மெதுவாக, செருப்பைத் தேடுகிற மாதிரி. பிறகு மூக்கு. பிறகு கழுத்து முழுவதும் வெளியே வந்து, கண்ணைத் திறந்து, கம்பெனியைச் சுற்றிலும் பார்த்தான். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலோடு போனவள் நின்று, "தாதி, தேக்கோ", பாட்டி பாருங்க என்று இந்தியில் சொல்லி என் தோளைத் தொட்டாள். மூத்தவன் எழுந்து நின்றான். நடந்தான். கீரையை விட்டுவிட்டு நேராக டெய்லரின் டிபன் பாக்ஸுக்குப் போனான். அதில் தக்காளிச் சாதம்.

"அட பாவி, தெச்சுக் குடுத்தவன் சோத்துலயே கை வெக்கறான் பாரு" என்று அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

அவருடைய போனில்தான் கூப்பிட்டோம். திரையில் அவள் முகம் வந்தது, வீங்கி, களைத்து. மூத்தவன் கீரையை மென்றுகொண்டு திரைக்குள் நடந்து வந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "பெரிம்மா, உங்க மொகத்தைக் காட்டுங்க. போன்ல நான் பாத்ததே இல்லையே" என்றாள். டெய்லர் போனை என் பக்கம் திருப்பிவிட்டார். ஓடிப்போக இடமில்லை.

"ஏன் பெரிம்மா இத்தனை நாளும் உறங்கினான்?"

சொன்னேன். சட்டையைச் சொன்னேன், லைனிங்கைச் சொன்னேன், டாக்டரின் சட்டையில் புல் பிடுங்கியதைச் சொன்னேன், மோர்க் கேனைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. நடுவில் நிறுத்தியிருந்தால் மறுபடியும் ஆரம்பிக்க வந்திருக்காது. அதனால் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"எங்க வாசல்ல விடிஞ்சதும் வெயில் வந்துரும்லா" என்றாள் அவள். "அவன் பாட்டுக்கு அங்க கெடந்துட்டு அப்புறம் ஊர் சுத்தப் போவான். எனக்கும் இதெல்லாம் தெரியாதே பெரிம்மா. நானா வெயில்ல போட்டேன்? அவனாத்தான் போனான்." பிறகு சிரித்தாள். "சட்டை போட்டு ஒரு போட்டோ புடிச்சீங்களா?"

பிடித்திருந்தார்கள். டெய்லர் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியும் இருந்தார், எனக்குத்தான் தெரியாது.

வீட்டுக்காரம்மா அன்றைக்கே வேஸ்ட் மூட்டைகளை அந்த வாசலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு காலை வெயில் வந்ததும் மூத்தவனை அங்கே கொண்டுபோய் விடுவேன், வெயில் போனதும் எடுத்துவருவேன். பொழுது சாய்ந்தால் அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைத்தேன். தூங்கினான், சாதாரணமாக எல்லோரும் தூங்குகிற அளவு. லைனிங் போட்ட சட்டையை டீக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய சின்னப் பால் தூக்குக்குச் சரியாக இருக்கிறதாம். நாலு ஓட்டையில் ஒன்றில் தூக்கின் கைப்பிடி வருகிறது.

மாசியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். பெண் குழந்தை. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மூத்தவனைத் தேடிப் போனாள். குழந்தையைத் தலையோடு சுற்றியிருந்தது பிலீஸ் துணிதான், எங்கள் கம்பெனித் துணிதான். யாரும் பார்க்காதபோது துணிக்குள் மெதுவாகக் கையை விட்டேன்.

கதகதவென்று இருந்தது. அடுப்பு மாதிரி இருந்தாள்.

"என்ன பெரிம்மா பாக்கிய?"

"ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன்.

மூத்தவன் வாசல் வெயிலை முடித்துக்கொண்டு, அவள் காலைத் தாண்டி, தங்கச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்பெனி கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரம்.